கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு செடித் தொட்டி
(நன்னீர் இறால் வளர்ப்பில் நாங்கள் கண்டதும் கெட்டதும்)

வரி, உரிமம், எடைக்கல் முத்திரை என்று வழக்கமாக எழுதும் நாங்கள் இந்த முறை மீன் தொட்டியைப் பற்றி எழுதுகிறோமே என்று அன்பர்கள் வியக்க வேண்டாம். மதுரை கீழமாசி வீதியில் எங்கள் பருப்புக் கடைக்கு வருகிற சில்லறை வியாபாரிகளில் பாதிப் பேர் இப்போது சரக்கைப் பார்ப்பதற்கு முன் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் தொட்டியைத்தான் பார்க்கிறார்கள். "அண்ணாச்சி, இதுல மீனே இல்லையே, வெறும் பாசிதானே இருக்கு" என்பார்கள். கொஞ்சம் குனிந்து பார்த்தால் செக்கச்செவேல் என்று, துவரம்பருப்பு நீளத்திலிருந்து ஒரு அங்குலம் வரை, பத்து இருபது உருவங்கள் இலைமேல் உட்கார்ந்து முன்னங்காலால் எதையோ எடுத்து எடுத்துத் தின்றுகொண்டிருக்கும். அதைப் பார்த்த பின் கேள்வி மேல் கேள்வி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லி மாளவில்லை. எழுதிவிட்டால் நல்லது என்று பட்டது. எழுத இன்னொரு காரணமும் உண்டு. அது பின்னால் வரும்.

முதலில் இது என்ன இறால் என்று சொல்லிவிடுகிறோம். தைவான், சீனப் பகுதி ஓடைகளில் உள்ள சிறு நன்னீர் இறால் வகை இது. காட்டு நிறம் மங்கிய பழுப்புதான். சிவப்பாகப் பிறந்தவற்றை மட்டும் பொறுக்கிப் பொறுக்கி இனம் சேர்த்ததில் வந்தது இந்தச் சிவப்பு. அதனால் செர்ரி இறால் என்று பெயர். ஒன்று முதல் இரண்டு ஆண்டு உயிரோடு இருக்கும். இதன் பெரிய வசதி என்னவென்றால், முட்டையிலிருந்து வரும்போதே குஞ்சு தாயைப் போன்ற உருவத்தோடு வந்துவிடும். நாம் சாப்பிடும் பெரிய நன்னீர் இறாலின் குஞ்சுக்கு ஆரம்பத்தில் உப்புக் கலந்த தண்ணீர் வேண்டும். இதற்கு அந்தத் தொல்லை இல்லை. தொட்டியிலேயே பெருகும்.

செடியும் உயிரும் ஒரே தொட்டியில் ஒன்றையொன்று தாங்கி வாழும் என்பது புதிய சங்கதி இல்லை. லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலார் தங்க மீன், வாலிஸ்னேரியா செடி, குளத்து நத்தை மூன்றையும் ஒரே கண்ணாடித் தொட்டியில் வைத்துப் பார்த்து, 1850-இல் அதை வேதியியல் சங்கத்தில் கட்டுரையாகப் படித்தார். இறாலைச் செடித் தொட்டிக்குள் கொண்டுவந்து உலகம் முழுக்கப் பரப்பிய பெருமை ஜப்பானைச் சேர்ந்த தகாஷி அமானோவுக்கு (1954-2015). கண்ணாடியிலும் இலையிலும் படியும் பாசியைத் தின்ன ஆள் தேடியபோது அவருக்கு அகப்பட்டது இறால். அவர் பயன்படுத்தியது வேறு வகை, அளவில் பெரியது. போர்ச்சுகல் நாட்டு லிஸ்பனில் 2015-இல் அவர் அமைத்த செடித் தொட்டி 40 மீட்டர் நீளம். எங்களுடையது ஒன்றரை அடி.

ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். முழுக்க நிரப்பினால் 42 லிட்டர் சொச்சம் கொள்ளும், நாங்கள் 36 லிட்டர் அளவில் நிறுத்தியிருக்கிறோம். இதைவிடச் சிறிய தொட்டி மலிவு என்று நினைக்க வேண்டாம். தண்ணீர் குறையக் குறைய அதன் குணம் சட்டென்று மாறும். முதல் தடவை வைப்பவர் 20 லிட்டருக்குக் கீழே போக வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம். மண், கண்ணாடி, தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் ஒரு 50 கிலோ மூட்டையின் பாரம் வந்துவிடும். ஆகவே சுவரில் அடித்த பலகைத் தட்டில் வைக்கக் கூடாது. நாங்கள் பழைய இரும்புப் பெட்டி மேல் வைத்திருக்கிறோம். வெயில் நேரே படாத இடமாகப் பார்க்க வேண்டும்.

அடியில் ஒரு அங்குலத்துக்குத் தோட்ட மண். எரு, உரம் கலக்காத மண்ணாக இருக்க வேண்டும். பூச்சி மருந்து அடித்த வயல் மண் கூடவே கூடாது. அதைச் சல்லடையில் சலித்துக்கொள்ள வேண்டும். சல்லடைக்கு நமக்கென்ன பஞ்சம். அதன்மேல் ஒரு அங்குலத்துக்குப் பொடிக் கூழாங்கல் அல்லது பருமணல், கழுவின தண்ணீர் தெளிகிற வரை கழுவிப் பரப்ப வேண்டும். இந்த மண் முறையை விரிவாக எழுதியவர் டயானா வால்ஸ்டாட் என்ற அமெரிக்கப் பெண்மணி. அவர் புத்தகம் 1999-இல் வந்தது. விலையுயர்ந்த ஜப்பான் மண்ணும் கடையில் கிடைக்கிறது. வாங்க முடிந்தவர்கள் வாங்கலாம், செர்ரி இறாலுக்கு அது கட்டாயமில்லை. தண்ணீர் ஊற்றும்போது மண் கலங்காமலிருக்க ஒரு தட்டைக் கவிழ்த்து அதன்மேல் ஊற்றுங்கள்.

செடிகளில் ஜாவா பாசிதான் இறாலுக்குத் தாய்வீடு. குஞ்சுகள் அதற்குள்தான் ஒளியும். பின்பக்கம் நாடா மாதிரி உயரும் வாலிஸ்னேரியா, முன்பக்கம் கிரிப்டோகோரைன் வெண்டி. இந்த இரண்டாவது செடி நம் பக்கத்து இலங்கை ஓடைகளுக்குச் சொந்தமானது. நட்ட சில நாளில் இலையெல்லாம் கரைந்து விழும், செத்தது என்று பிடுங்கிவிட வேண்டாம், வேரிலிருந்து திரும்ப வரும். ஹைட்ரில்லாவைக் குளத்திலிருந்தே சும்மா எடுத்து வரலாம் என்று எங்கள் கணக்குப்பிள்ளை எடுத்து வந்தார். அதோடு தும்பிப் பூச்சியின் புழுவும் சேர்ந்து வந்தது. அது இறால் குஞ்சைப் பிடித்துத் தின்னும். கடையில் வாங்கிய செடியையும் நேரே போடக் கூடாது. பண்ணையில் மருந்து அடித்திருப்பார்கள். தனி வாளியில் இரண்டு வாரம் போட்டு, இரண்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் மாற்றிய பிறகு நடவேண்டும்.

விளக்கு, மோட்டார் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சாதாரண எல்.ஈ.டி. விளக்கு நாளுக்கு 7, 8 மணி நேரம் போதும். மேலே போனால் செடிக்கு முன் பாசி வளரும். காற்று மோட்டாரில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று. உறிஞ்சும் வகை ஃபில்டர் போட்டால் குஞ்சுகள் உள்ளே போய்விடும்.

தண்ணீர்தான் இதில் எல்லாம். எங்கள் கடையில் மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் வருகிறது, அதில் குளோரின் உண்டு. வாளியில் பிடித்துக் காற்றோட்டமாக ஒருநாள் வைத்தால் குளோரின் போய்விடும். அவசரமென்றால் மீன் கடையில் கிடைக்கும் குளோரின் முறிக்கும் மருந்து சில சொட்டு. ஆழ்குழாய்த் தண்ணீர் எங்கள் பகுதியில் உப்பு. ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்றினாலும் ஆகாது, இறாலின் ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து அதில் இல்லை. இரண்டையும் கலந்து, உப்பளக்கும் கருவியில் 200, 250 காட்டுகிற மாதிரி வைத்துக்கொள்கிறோம்.

ஒன்று மிக முக்கியம். செம்புக் குடத்தில் தண்ணீர் எடுத்து ஊற்றக் கூடாது. நமக்கு நல்லது என்று குடிக்கிறோம், இறாலுக்குச் செம்பு நஞ்சு. வேடிக்கை என்னவென்றால் அதன் இரத்தத்திலேயே நம்முடைய இரும்புக்குப் பதிலாகச் செம்புதான் இருக்கிறது. அந்த அணுவளவுக்கு மேல் போனால் தாங்காது. மீனுக்கு நோய் வந்தால் விடும் மருந்துகளில் பலவற்றில் செம்பு உண்டு. பழைய மீன் தொட்டியை வாங்கி இறால் விடுவோர் இதை விசாரித்துக்கொள்ள வேண்டும்.

எல்லாம் தயாரானதும் அன்றைக்கே இறாலை விட்டுவிடத் தோன்றும். அங்கேதான் அநேகர் நஷ்டப்படுகிறார்கள். உயிர் இருக்கிற இடத்தில் கழிவு இருக்கும், மீந்த தீனி அழுகும். அதிலிருந்து அமோனியா பிறக்கும். அமோனியாவை நைட்ரைட்டாக ஒரு வகை நுண்ணுயிர் மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சுதான். அதை நைட்ரேட்டாக இன்னொரு வகை மாற்றும். நைட்ரேட்டைச் செடி தின்னும். இந்த நுண்ணுயிர்கள் கண்ணுக்குத் தெரியாமல் மணலிலும் ஸ்பாஞ்சிலும் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை வெறும் தொட்டியில் தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு வர வேண்டும். கழிவு இருந்தால்தான் அவை பெருகும். சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் சோதனைப் பெட்டி கடையில் கிடைக்கும். அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகே இறால். நல்ல ஓட்டத்திலிருக்கும் பழைய தொட்டியின் ஸ்பாஞ்சைப் பிழிந்து ஊற்றினால் நாள் குறையும். அந்தத் தொட்டியில் நோயோ மருந்தோ இருக்கக் கூடாது.

நாங்கள் 2023 ஜூன் கடைசியில் தொட்டி கட்டி, 45 நாள் காத்திருந்து, ஆகஸ்ட் மாதம் சென்னை கொளத்தூருக்குப் போனோம். வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர்போன ஊர் அது. வீட்டு மாடியில் தொட்டி வைத்து இறால் பெருக்கும் ஒரு தம்பியிடம் 20 இறால் வாங்கினோம். ஆக்சிஜன் அடைத்த பையை மடியிலேயே வைத்துக்கொண்டு பாண்டியன் எக்ஸ்பிரஸில் வந்து சேர்ந்தோம். வந்ததும் தொட்டியில் கவிழ்த்துவிடவில்லை. பையிலிருந்த தண்ணீரோடு ஒரு பாத்திரத்தில் இறாலை விட்டு, காற்றுக் குழாயில் ஒரு முடிச்சுப் போட்டுத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒன்றரை மணி நேரம் இறக்கி, பிறகுதான் விட்டோம். தண்ணீர் சட்டென்று மாறினால் இறால் தாங்காது.

ஒன்பது நாள் நன்றாக இருந்தன. ஞாயிறு கடை அடைப்பு. திங்கள் காலை கடை திறந்தால் இருபதும் செத்துக் கிடந்தன.

நாங்கள் செய்ததை மறைக்காமல் சொல்கிறோம். சோதித்துப் பார்த்தோம், அமோனியா பூஜ்யம். செடி பச்சென்று இருந்தது. எங்கள் பக்கம் ஒரு குறையும் இல்லை என்று முடிவு கட்டினோம். அந்தத் தம்பிக்குப் போன் போட்டு, நோய்ச் சரக்கை விற்றுவிட்டாய் என்று சத்தம் போட்டோம். அவர், "இல்லீங்க ஐயா, அதே தொட்டி இறாலு இங்க நல்லாதான் இருக்குது" என்றார். நம்பவில்லை. ஆனாலும் அவர் பார்சலில் 15 இறால் பணம் வாங்காமல் அனுப்பினார். அவை செப்டம்பர் மாதம் வந்து, பதினேழாம் நாள் அதே மாதிரி ஒரே இரவில் போயின. அதன் பிறகு எங்களுக்கு வாய் நிற்கவில்லை. மதுரையில் வண்ண மீன் விற்கும் கடைகளிலெல்லாம் அவர் பேரைச் சொல்லி, அவரிடம் வாங்காதீர்கள் என்றோம். ஐம்பது வருஷம் கடை நடத்தியவன் சொன்னால் கேட்பார்கள் அல்லவா, கேட்டார்கள்.

ஒருநாள் இரவு கணக்கு முடித்துச் சிட்டையைப் புரட்டும்போதுதான் கண்ணில் பட்டது. ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை, "கரப்பான் மருந்து, பையன் கூலி" என்று ஒரு பற்று. செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை அதே பற்று. இரண்டு சாவும் அதற்கு மறுநாள். தொட்டியில் நத்தைகள் மட்டும் சுகமாக ஊர்ந்துகொண்டிருந்ததற்கும் அப்போதுதான் அர்த்தம் புரிந்தது. இறாலும் கரப்பானும் வண்டும் கணுக்காலி என்ற ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. கரப்பானைக் கொல்லும் மருந்து இறாலைக் கொல்ல அதில் கடுகளவு போதும். டப்பாவை எடுத்துக் கண்ணாடி போட்டுப் படித்தோம். சைபர்மெத்ரின் என்ற மருந்து. மீனுக்கும் நீர்வாழ் உயிர்களுக்கும் நஞ்சு என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. தொட்டிமேல் யாரும் அடிக்கவில்லை. காற்று மோட்டார் இருக்கிறதே, அது கடைக்குள் இருக்கும் காற்றை இழுத்து இரவெல்லாம் தண்ணீருக்குள் ஊதுகிறது. மருந்தையும் சேர்த்து ஊதியிருக்கிறது. கொசு விரட்டும் திரவ மருந்துகளும் பெரும்பாலும் இந்த வகைதான்.

இன்னொன்றும் அன்றைக்கு உறைத்தது. அந்த மருந்து அடித்த காற்றில்தான் வாய் திறந்த பருப்பு மூட்டைகளும் இருந்தன. அடித்த பையன் முகத்தில் துணிகூடக் கட்டவில்லை. அதற்குப் பிறகு கடையின் முன்பக்கத்தில் மருந்து தெளிப்பதை நிறுத்திவிட்டோம். மூலையில் ஒட்டும் அட்டை, பலகை இடுக்கில் கரப்பானுக்கு வைக்கும் பசை மருந்து, மூட்டையைத் திறந்து வைப்பதற்குப் பதில் மூடி போட்ட டப்பா. கரப்பான் முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டோம், குறைந்திருக்கிறது. கிட்டங்கியில் மூட்டைக்குப் புகை மூட்டுவது தனி ஆட்கள் வந்து, அடைத்துச் செய்யும் வேலை. அது இருக்கும் கட்டடத்தில் தொட்டியே வைக்கக் கூடாது.

அடுத்த மாதம் கொளத்தூருக்கு நேரில் போனோம். போனில் மன்னிப்புக் கேட்பது முறையாகப் படவில்லை. சிட்டையையும் கையில் கொண்டு போயிருந்தோம். அந்தத் தம்பி அதைப் பார்க்கவேயில்லை. "பரவால்ல ஐயா. மதுரையில ரெண்டு கடைக்காரங்க எங்கிட்ட எடுக்கறத நிறுத்திட்டாங்க. அவங்ககிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றார். இரண்டு கடைக்கும் போனோம். ஒருவர் திரும்ப அவரிடம் சரக்கு எடுக்கிறார். மற்றவர், "இப்ப வேற ஆளுகிட்டப் பழக்கமாகிப்போச்சு அண்ணாச்சி" என்றுவிட்டார். அதற்குமேல் நாங்கள் என்ன சொல்ல முடியும். அந்த வியாபாரம் எங்கள் வாயால் போனது. கட்டுரை எழுத இன்னொரு காரணம் என்று தொடக்கத்தில் சொன்னது இதுதான். அந்தத் தம்பியின் சரக்கில் குறையில்லை.

இந்த வகை மருந்து மண்ணில் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் மாற்றினால் மட்டும் போகாது. அதனால் மண், மணல், ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் எறிந்துவிட்டுத் தொட்டியைத் தேய்த்துக் கழுவிப் புதிதாகக் கட்டினோம். மறுபடியும் 40 நாள். 2024 ஜனவரியில் முதலில் மூன்றே மூன்று இறால் விட்டு இரண்டு வாரம் பார்த்தோம். பிறகு 17. இந்த முறை பணம் கொடுத்துத்தான் வாங்கினோம், முன்பு அனுப்பிய 15-க்கும் சேர்த்து.

பராமரிப்பைப் பற்றிக் கொஞ்சம். தீனி ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரண்டு மணி நேரத்தில் தின்று தீர்க்கும் அளவு. 20 இறாலுக்கு ஒரு உளுந்து அளவு தாராளம். இலையில் படியும் வழுவழுப்பே அவற்றுக்குப் பாதி வயிற்றை நிரப்பும். வீட்டில் வளர்த்த கீரை ஒரு இலை வெந்நீரில் வாட்டிப் போடலாம். சந்தைக் கீரை வேண்டாம், மருந்து இருக்கும். தானாக உதிர்ந்து காய்ந்த நாட்டு வாதாம் மர இலை ஒன்றைக் கழுவிப் போட்டு வையுங்கள். தண்ணீர் டீ நிறமாகும், பயப்பட வேண்டாம். இறால்கள் அந்த இலையைச் சல்லடைக்கண்ணாக ஆக்கிவிடும். கடைக்கு வரும் குழந்தைகள் பொரியை அள்ளிப் போடாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை. மேலே ஒரு கண்ணாடி மூடி போட்டுவிட்டோம்.

ஒருநாள் கணக்குப்பிள்ளை, "அண்ணாச்சி, ஒண்ணு செத்துப்போச்சு" என்று ஓடி வந்தார். பார்த்தால் அது வெறும் சட்டை. இறால் வளர வளர ஓட்டைக் கழற்றிவிடும். அந்த ஓட்டை எடுத்தெறியாமல் விட்டுவிட வேண்டும். அதையே தின்று சுண்ணாம்பைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்.

தண்ணீர் வாரம் ஒரு முறை பத்தில் ஒரு பங்கு மாற்றினால் போதும். நாங்கள் சனிக்கிழமை மாலை மாற்றுகிறோம். எடுத்த தண்ணீர் துளசிக்கு. தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் அந்த அளவுக்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆவியாகும்போது உப்பு தங்கிவிடுகிறது அல்லவா. சித்திரை, வைகாசி வெயில்தான் நம் ஊரில் சோதனை. தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் இறாலுக்குச் சிரமம். ஐஸ் கட்டி போடக் கூடாது. மூடியைத் திறந்து தண்ணீர் மேல்பரப்பில் படும்படி ஒரு சின்ன மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மின்சாரம் போகும் நேரத்துக்குப் பாட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

அழகுக்கு இரண்டு மீன் விடலாமா என்று கேட்கிறார்கள். விடலாம், குஞ்சு மிஞ்சாது. கப்பி மீன்கூடத் தின்னும். பெருகிப்போனதை வைகையிலோ கண்மாயிலோ கொட்டுவது மட்டும் கூடவே கூடாது. இப்படித் தொட்டியிலிருந்து விட்ட சக்கர் மீன்கள் தமிழ்நாட்டு ஏரிகளில் பெருகி வலையைக் கிழிப்பதை மீனவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

2024 மார்ச் மாதம் ஒரு பெண் இறாலின் வயிற்றுக்கடியில் மஞ்சள் முட்டைகள் கொத்தாகத் தெரிந்தன. விசிறி மாதிரி காலால் அவற்றை ஆட்டிக்கொண்டே இருந்தது. மூன்றரை வாரம் கழித்துக் கண்ணாடி ஓரத்தில் சீரகத்தைவிடச் சிறிதாக, உடம்பு கண்ணாடியாக, பதினொரு குஞ்சுகள் எண்ணினோம். கணக்குப்பிள்ளை பதினாலு என்றார். இப்போது எண்ணுவதை இருவரும் விட்டுவிட்டோம்.

ஜாவா பாசியும் இறால் குஞ்சும் தேவைப்படும் அன்பர்கள் மாலை நாலு மணிக்கு மேல், லாரி இறக்கும் வேலை முடிந்த பின் கடைக்கு வரலாம். காசு வேண்டாம். தொட்டி கட்டி 40 நாள் ஆனவர்களுக்கு மட்டும் இறால், மற்றவர்களுக்கு இப்போதைக்குப் பாசி. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா கொண்டு வரவும். தயவுசெய்து செம்புச் சொம்பு கொண்டு வர வேண்டாம்.